அமுதசுரபியும் நூலகமும்

மணிமேகலைக் காப்பியம் கற்றோர் ஆபுத்திரன் கதையை மறவார். மதுரைக் கலைமகள் கோயிலிலே சிந்தாதேவி தந்த அமுதசுரபி அவன் கையில் இருந்தது. எடுக்க எடுக்கக் குறையாத அப்பாத்திரத்தைக் கொண்டு பலர் பசியைத் தீர்த்த அவன், சாவக நாட்டிலே மழையின்மையால் மக்கள் மடிகின்றனர் என்று கேட்டு மரக்கலம் ஏறினான். காற்று மிகுந்தமையால் மரக்கலம் இடைவழியில் மணிபல்லவத்தில் ஒருநாள் தங்கிற்று. ஆபுத்திரன் இறங்கியதை அறியாது மீகாமன் பாய்விரித்துப் போய்விட்டான். ஆளில்லாத் தீவிலே அவன் தனியனாய் நின்றான். கையிலே உலகை ஊட்டும் பாத்திரம். எதிரிலே உண்பார் ஒருவரும் இல்லை. பலர்க்குப் பயன்பட வேண்டிய பொருளைக் கொண்டு தன்னுயிர் ஒன்றையே வளர்க்க மனம் ஒவ்வாதவனாய், அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தான்.

பின்னர் அப்பாத்திரம் மணிமேகலை கையை அடைந்தது. அடைந்த உடனே அவள் புகார் நகர வீதியில் உணவு வழங்கத் தொடங்கினாளா? இல்லை. முதற்பிச்சையைக் கற்புடை மனையாள் ஒருத்தியிடம் பெறல் வேண்டும் என்று கேட்டு, ஆதிரையின் மனைவாயிலிலே போய் நின்றாள். ஆதிரை பாத்திரம் நிறைய இட்டாள். அதன் பின்னரே காயசண்டிகையின் தீராப் பசியும் தீர்ந்தது.

நூலகமும் அத்தகையதோர் அமுதசுரபியே. ஒருவர் கற்றதனால் மற்றொருவர்க்குக் குறைவு வருவதில்லை. ஆயின் அப்பாத்திரத்திற்கு இருந்த இரு நியதிகளும் இதற்கும் உண்டு. உண்பார் இல்லாத இடத்தில் அது வெறுங்கலம். முதற்பிச்சை இடுவார் இல்லாதவழியும் அது வெறுங்கலமே. முன்னையதைப் பற்றிப் பேசுவார் பலர். பிள்ளைகள் வாசிப்பதில்லை என்னும் முறையீடு எங்கும் கேட்கின்றது. பின்னையதைப் பற்றிப் பேசுவார் சிலரே. மணிபல்லவம் எங்கள் நயினாதீவே என்பது ஈழத்தறிஞர் பலர் கொள்கை. மாறுபட்டு உரைப்பாரும் உளர். அவ்வாராய்ச்சி நிற்க. அக்கதையை எங்கள் கதையென்று உரிமை பாராட்டும் தீவக மக்களாகிய நாம், எங்கள் பல்கலைக்கழக நூலகத்திற்கு ஆதிரையாக நிற்கின்றோமா என்பதே யான் இங்கு எழுப்ப விரும்பும் வினா.

யாழ்ப்பாணத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்பது நெடுங்கால வேட்கை. 1974 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம், திருநெல்வேலியிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி வளவில் தொடங்கிற்று. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதற்றலைவராயினார். 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இன்று நெடுந்தீவுப் பிள்ளை ஒன்று படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பேருந்தேறிப் பண்ணைப் பாலத்தைக் கடந்தால் பட்டக் கல்வியின் வாயிலை அடைந்துவிடும். அவ்வாயிலுக்குள்ளே அப்பிள்ளைக்கு வேண்டிய நூல்கள் உளவா என்பது அரசினரும் பல்கலைக்கழகத்தாரும் மட்டும் கவலைப்பட வேண்டிய செய்தி அன்று.

இருவகைச் செல்வம்

பல்கலைக்கழக நூலகத்தின் செல்வம் இருவகைப்படும். ஒன்று, பணங்கொடுத்து வாங்கத்தக்கது. பௌதிகமும் மருத்துவமும் பொருளியலும் பற்றிய நூல்கள், பிறநாட்டு ஆய்விதழ்கள், தமிழகப் பதிப்பகங்கள் வெளியிடும் இலக்கிய நூல்கள் யாவும் இவ்வகையின. பணம் இருப்பின் இன்று வாங்கலாம். இல்லையேல் அடுத்த ஆண்டு வாங்கலாம். மற்றொன்று, எவ்வளவு பணம் கொடுத்தாலும் எந்தப் புத்தகசாலையிலும் கிடையாதது. அஃது எங்கள் வீட்டுப் பரண்களிலும் றங்குப் பெட்டிகளிலும் கிடக்கின்றது.

இரண்டாம் வகையிற் சிலவற்றைச் சொல்லுகின்றேன். இறந்தவர்க்கு முப்பத்தோராம் நாளில் அச்சிட்டு வழங்கும் கல்வெட்டுகள், கும்பாபிடேக மலர்கள், பாடசாலைகளின் ஆண்டு மலர்கள், வாசிகசாலைகளின் கையெழுத்து இதழ்கள், ஊர்காவற்றுறைப் பக்கத்து அண்ணாவிமாரின் கூத்துக் கொப்பிகள், வைத்தியர் வீட்டு வாகட ஏடுகள், சோதிடர் வீட்டுக் கணித ஏடுகள், கடல் வாணிகர் வைத்திருந்த கணக்குப் புத்தகங்கள், உபாத்தியாயர்கள் எழுதிவைத்த பாடக் குறிப்புகள். 1990 ஐ அடுத்த ஆண்டுகளிலே, பொருளாதாரத் தடையால் அச்சுத்தாள் கிடையாதபோது, யாழ்ப்பாணத்து நாளிதழ்கள் கோடிட்ட கொப்பித் தாளிலே அச்சிடப்பெற்று வந்தன. அவ்விதழ்களும் இவ்வகையினவே. இவற்றுட் பெரும்பாலன விற்பனைக்கென ஆக்கப்பட்டவை அல்ல. ஆதலின் நூலகத்தார் விலைப்பட்டியலைப் பார்த்து இவற்றைத் தருவிக்க இயலாது. கொடுப்பார் கொடுத்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

நூல்களைக் காப்பதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. அச்சிடுவோர் நூற்படிகளை அரசுக்கு ஒப்படைக்க வேண்டும் என்னும் கட்டளைச் சட்டம் 1885 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் உள்ளது. ஆயின், எட்டுத் தாளிற் கல்வெட்டு அச்சிடும் சிற்றூர் அச்சியந்திரசாலையை அச்சட்டம் எட்டுவது அரிது. கையெழுத்துக் கொப்பியையும் பனையோலை ஏட்டையும் அது எட்டவே எட்டாது.

கல்வெட்டையும் கணக்கையும் கொண்டு பல்கலைக்கழகம் என்ன செய்யும் என்று நகைப்பாரும் உளர். அவர்க்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். என்னிடம் கற்றுப் பல்கலைக்கழகம் புகுந்த மாணவி ஒருத்தி, தன் தீவிலே இருந்த திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் பற்றி ஆய்வுரை எழுத விரும்பினாள். அச்சிட்ட வரலாற்று நூல்களில் அவளுக்குக் கிடைத்தவை இரண்டொரு வரிகளே. ஊருக்கு வந்து வீடு வீடாகக் கேட்டாள். பாட்டி முறையான ஒருவரின் றங்குப் பெட்டியில், சீலைகளுக்கு அடியிலே, ஓர் உபாத்தியாயரின் கல்வெட்டு அகப்பட்டது. எட்டே தாள். அதிலுள்ள செய்யுள்கள் இலக்கியச் சுவையாற் சிறந்தன என்று சொல்லமாட்டேன். ஆயின் அவ்வுபாத்தியாயர் யாரிடம் கற்றார், அவருடைய ஆசிரியர் யாரிடம் கற்றார், பள்ளிக்கூடம் எவர் வளவில் எம்மரத்தின் கீழ் நடந்தது, எந்நூலுக்குப் பின் எந்நூல் படிப்பிக்கப்பட்டது என்பனவெல்லாம் அவற்றில் இருந்தன. மூன்று தலைமுறைக் கல்வி வரலாறு எட்டுத் தாளில் அடங்கியிருந்தது. அவளுடைய ஆய்வுரைக்கு அதுவே அச்சாணியாயிற்று. அதற்கு மற்றொரு படி எங்கும் அகப்படவில்லை.

இவ்வகைச் செய்யுள் பாடித் தருமாறு என் வீட்டுப் படலையைத் தட்டுவோர் இன்றும் உளர். யான் பாடுமுன் ஒன்று கேட்பதுண்டு: அச்சிட்டபின் இரண்டு படிகளைப் பல்கலைக்கழக நூலகத்திற்கு அனுப்புவீர்களா? வியப்போடு பார்ப்பவர்களே மிகுதி. ஆயினும் ஒருவரும் மறுத்ததில்லை.

எரிந்தவையும் மீண்டவையும்

1981 ஆம் ஆண்டு மே மாதம் 31 ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரியூட்டப்பட்டதை அறியாதார் இலர். க. மு. செல்லப்பா அவர்கள் 1933 இல் தம் இல்லத்திலே தொடங்கிய சிறு புத்தகத் தொகுதியே அதன் வித்து. 1959 இல் அழகிய கட்டடத்திற் குடிபுகுந்து, நூல்களும் ஏடுகளுமாகச் சற்றொப்ப 97,000 வரை வளர்ந்திருந்தது. ஓரிரவில் யாவும் சாம்பராயின. கட்டடம் மீண்டும் எழுந்தது. வாங்கத்தக்க நூல்கள் மீண்டும் வந்தன. உலகெங்கும் இருந்து அன்பர் அனுப்பினர். ஆயின் ஒரே படியாக அங்கிருந்த ஏடுகளும் கையெழுத்துகளும் மீளவில்லை. இனி மீளவும் மாட்டா.

இத்துயர் எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. பெல்ஜிய நாட்டு லூவேன் பல்கலைக்கழக நூலகத்தை 1914 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜெர்மானியப் படை எரித்தது. உலகப் போர் முடிந்தபின் 1919 இல் எழுந்த வேர்சாய் உடன்படிக்கையின் 247 ஆம் உறுப்புரை, எரிந்தவற்றுக்கு ஈடான நூல்களை ஜெர்மனி கொடுத்தல் வேண்டும் என்று விதித்தது. அமெரிக்க மக்களின் கொடையாற் புதிய மாளிகை எழுந்து 1928 இல் திறக்கப்பட்டது. 1940 இல் அதுவும் போரில் எரிந்தது. மீட்டும் கட்டினார்கள்; மீட்டும் நூல் திரட்டினார்கள். அவர்தம் ஊக்கம் போற்றற்குரியது. எனினும் உடன்படிக்கையின் வலிமையாற்கூடப் பெற முடியாதவை சில இருந்தன. அப்பல்கலைக்கழகத்துக்கே உரிய பழைய கையெழுத்துச் சுவடிகளுக்கு ஈடாக எந்நாடு எதனைக் கொடுத்தல் கூடும்? கொடுத்தாலும் அவை பிறிதொரு சுவடியாகுமே அன்றி எரிந்த சுவடியாகா.

இதனாற் பெறப்படுவது என்னை? இரண்டாம் வகைச் செல்வத்தைத் திரட்டுதல் வேண்டும்; திரட்டியதற்கு மறுபடியும் ஆக்குதல் வேண்டும். ஒன்று செய்து மற்றொன்றை விடுதல் கூடாது.

லெய்டன் என்னும் பெயர்

ஒல்லாந்தர் எங்கள் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டனர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. அப்பெயர் இன்றும் வழங்குகின்றது. வேலணையும் ஊர்காவற்றுறையும் கரம்பொனும் அடங்கிய தீவுக்கு லெய்டன் என்று பெயரிட்டனர். தேசப்படங்களில் அப்பெயரை இன்றும் காணலாம். பெயரை நாம் பெற்றோம். அந்நகரத்தாரின் நூலக வரலாற்றை அறிந்துகொண்டோம் அல்லோம்.

ஒல்லாந்தில் உள்ள லெய்டன் நகரம் 1574 இல் ஸ்பானியர் முற்றுகையைப் பசியும் பட்டினியுமாய்த் தாங்கி வென்றது. மறு ஆண்டே, 1575 இல், அங்கே பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. நிறுவிய வில்லியம் இளவரசர், பன்மொழியில் அச்சிட்ட விவிலிய நூல் ஒன்றை, இனி எழப்போகும் நூலகத்திற்கு அடிக்கல்லாக வழங்கினார். அதுவே ஆதிரையிட்ட பிச்சை. 1595 இல் நூற்பட்டியல் அச்சாயிற்று. 1609 இல் ஸ்கேலிஜர் என்னும் பேரறிஞர் இறக்குங்கால், தம்மிடமிருந்த கீழைத்தேய மொழிச் சுவடிகளை அந்நூலகத்திற்கே எழுதிவைத்தார். அதன் பின் கீழைத்தேயக் கல்விக்கு ஐரோப்பாவிற் புகழ்பெற்ற இடமாக அது விளங்கிற்று. முதலாம் இராசராசன் நாகபட்டினத்துச் சூளாமணி விகாரத்திற்கு அளித்த ஆனைமங்கலக் கொடையைக் கூறும் சோழர் செப்பேடுகள் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றமை, அந்நூலகத்தில் அவை நெடுங்காலம் பேணப்பட்டமையாலன்றோ? அவை கடல் கடந்த முறை வழக்கிற்குரியது. பேணிய முறை பாராட்டிற்குரியது.

இவ்வரலாற்றில் மூன்று செயல்கள் உள்ளன: கொடுத்தல், பட்டியல் இடுதல், பேணுதல். பட்டினி கிடந்து மீண்ட ஒரு நகரம், மீண்ட மறு ஆண்டே இவற்றிற்கு வித்திட்டது. நாமும் துன்பத்திலிருந்து மீண்டவர்கள் என்பதனால் இதனை இங்கு விரித்தேன்.

அடிகள் காட்டிய வழி

லெய்டன் தீவெனப் பெயர்பெற்ற அதே மண்ணிலே, கரம்பொனில், 1913 ஆம் ஆண்டு தனிநாயகம் அடிகள் பிறந்தார். 1952 இல் தமிழ்ப் பண்பாடு பற்றிய ஆங்கில ஆய்விதழைத் தொடங்கியவர். 1964 இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்றவர். 1966 இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாட்டை நடத்தியவர். இவையெல்லாம் மாணவர் மனப்பாடம் செய்யும் செய்திகள். அவர் நூலகங்கள்தோறும் சென்று தமிழ்ச் சுவடிகளைத் தேடிய உழைப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அந்தோம் தெ புரோயென்சா என்னும் போர்த்துக்கேயப் பாதிரியார் தொகுத்த தமிழ் - போர்த்துக்கேய அகராதி, அவர் இறந்தபின் 1679 இல் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் அச்சாயிற்று. பதினேழாம் நூற்றாண்டுத் தமிழரின் பேச்சு வழக்கையும் சொற்பொருளையும் அறிய அதுபோன்ற கருவி பிறிதில்லை. அச்சான படிகள் எல்லாம் அழிந்தன. உரோமாபுரியிலே வத்திக்கான் நூலகத்தில் ஒரு படி எஞ்சியிருந்தது. அடிகள் அதனைக் கண்டு, நிழற்படப் பதிப்பாக 1966 இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியே வெளியிட்டார். 287 ஆண்டுகள் ஒரேயொரு படியாக உறங்கிய நூல், பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றிற்கு அன்று சென்றது.

இங்கே இருவர்க்கு நன்றி சொல்ல வேண்டும். கண்டவர்க்கு மட்டுமன்றிக் காத்தவர்க்கும் நன்றி வேண்டும். அந்நூலை எடுத்துப் படிப்பார் அரியராயிருந்த காலத்திலும், பயனில்லை என்று கழித்துவிடாமல், எண்ணிட்டு அடுக்கிவைத்த பெயரறியா நூலகர்கள் பலர். அவர்கள் இல்லையேல் அடிகள் எதனைக் கண்டிருப்பார்? இன்று படிப்பார் இல்லாத நூலுக்கு நாளை ஒருவர் வருவார் என்னும் நம்பிக்கையே பல்கலைக்கழக நூலகத்தின் உயிர்நிலை. ஊர் வாசிகசாலைக்கு இன்றைய வாசகர் போதும். பல்கலைக்கழக நூலகமோ இன்னும் பிறவாத வாசகர்க்கும் கடமைப்பட்டது. நூலகவியற் பேரறிஞர் சீ. இரா. அரங்கநாதன் 1931 இல் வகுத்த ஐந்து விதிகளுள் இறுதி விதி, நூலகம் வளரும் இயல்பினது என்பதாகும். வளர்வதற்கு இடமும் ஊணும் வேண்டும். ஊண் நாம் இடுவது.

பகைகள் நான்கு

தீவகத்திலே நூலுக்குப் பகை நான்கு: உப்புக்காற்று, கறையான், இராமபாணப் பூச்சி, இடப்பெயர்வு. முதல் மூன்றையும் முன்னோர் அறிந்திருந்தனர். ஏட்டுக்கு மஞ்சளும் வேம்பும் வசம்பும் இட்டனர். அடுப்புப் புகை படும் பரணிலே வைத்தனர். ஓலை நைந்தபோது புதிய ஓலையிற் பெயர்த்தெழுதினர். பெயர்த்தெழுதும் வழக்கம் நின்றதுதான் ஏடுகளுக்கு வந்த பெருங்கேடு. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இற் கலித்தொகையை அச்சேற்றியபோது, காலத்தோடு போட்டியிட்டே அதனைச் செய்தார். அத்தகையார் சிலர் இலரேல் நம் பழைய நூல்கள் எத்துணை அழிந்திருக்கும் என்று எண்ணவும் அச்சமாயுள்ளது.

நான்காம் பகையை எங்கள் தலைமுறை அறிந்தது. 1990 இல் தீவகத்து மக்களிற் பெரும்பாலோர் வீடுவாசல்களை விட்டு வெளியேற நேர்ந்தது. கையில் எடுத்தவை பிள்ளைகளும் துணிமணிகளுமே; அது பிழையன்று. எனக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் வீட்டில் இரண்டு அலுமாரிகள் நிறைய நூல்களும் ஒரு பெட்டி ஏடுகளும் இருந்தன. பல ஆண்டுகள் கழித்து அவ்வீட்டுக்கு யான் சென்றபோது கூரை இல்லை. அலுமாரி நின்ற மூலையிலே ஆளுயரக் கறையான் புற்று நின்றது. அதன் அடியிலே ஏடு கோக்கும் இரும்பு நாராசம் ஒன்று மட்டும் துருவேறிக் கிடந்தது. அவர் தம் நூல்களைத் தமக்குப் பின் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கவேண்டும் என்று பலமுறை சொல்லியிருந்தார். தமக்குப் பின் என்று அவர் குறித்த காலம் வருமுன் 1990 வந்துவிட்டது.

போர் ஓய்ந்தபின் ஐந்தாம் பகை ஒன்றும் தோன்றியுள்ளது, அது துப்புரவு. பழைய வீட்டை இடித்துப் புதுவீடு கட்டும் உறவினர், வெளிநாட்டிலிருந்து பதினைந்து நாள் விடுமுறையில் வருகின்றனர். பரணிலுள்ள கடதாசிகளைப் பார்க்க அவர்க்கு நேரம் ஏது? கிணற்றடியிலே குவித்து நெருப்பிடுகின்றனர். அன்றேல் நிறைக்கு விற்கின்றனர். 1920 களில் அச்சான பிரபந்தம் ஒன்றின் தாளிலே கச்சான் சுற்றித் தந்ததை என் கையிலே வாங்கியிருக்கின்றேன்.

கொடுப்பார் கூறும் தடைகள்

நூல்களை நூலகத்துக்குக் கொடுங்கள் என்று சொன்னால், எழும் தடைகளும் நியாயமானவையே. முதலாவது: பொது நூல்நிலையம் எரிந்ததே, வீட்டில் இருப்பதே காப்பு அன்றோ என்பது. வீடுகள் என்னவாயின என்பதை மேலே சொன்னேன். ஓரிடத்தில் இருப்பது எங்கிருப்பினும் காப்பன்று. மூலம் ஓரிடத்தும் படி வேறிடங்களிலும் இருப்பதே காப்பு. 2005 இல் தன்னார்வ இளைஞர் சிலர் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், இன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத்து ஆவணங்களைப் படியெடுத்து உலகமெங்கும் கட்டணமின்றி வாசிக்க வைத்துள்ளது. மூலத்தைப் பிரிய மனமில்லாதார் படியெடுக்கவேனும் இசையலாம். அதுவும் கொடையே.

இரண்டாவது: கொடுத்த நூல் மூட்டையாகவே கிடந்து மட்கும் என்பது. இதனைப் பொய் என்று சொல்ல இயலாது. எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, தந்தையாரின் நூல்களை ஒரு நிறுவனத்திற்கு அளித்தது. பத்தாண்டு கழித்துச் சென்று கேட்டபோது, கட்டிய கயிறுகூட அவிழ்க்கப்படாது கிடந்ததைக் கண்டது. இக்குறைக்கு மருந்து, நூலகத்துக்கு நூலோடு கைகளையும் கொடுப்பதே. ஓய்வுபெற்ற ஆசிரியர்களாகிய நாம் கிழமையில் ஒரு நாள் சென்று, பழைய எழுத்தையும் செய்யுளையும் வாசித்துப் பட்டியலிட உதவலாம். பெட்டி, அடுக்கு, குளிரூட்டி, படியெடுக்கும் கருவி ஆகியவற்றுக்கு நிதி வேண்டும். கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் ஊர்ச்சங்கங்கள், அதில் நூற்றில் ஒரு கூற்றை நூலகத்துக்கு ஒதுக்கினும் பெரும்பயன் விளையும். நூலகத்தாரும் வாங்கியதற்குப் பற்றுச்சீட்டுக் கொடுத்து, இன்ன காலத்துள் பட்டியலில் ஏற்றுவோம் என்று உறுதி சொல்லுதல் முறை.

மூன்றாவது: இத்தொகுதிகள் பிறநாட்டார் கைப்படும் என்பது. காரைக்குடிக்கு அண்மையில் கோட்டையூரிலே ரோஜா முத்தையா செட்டியார், தனியொருவராய்த் தமிழ் நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் விளம்பரத் துண்டுகளையும் திரட்டினார். அவர் மறைந்தபின் 1994 இல் அமெரிக்கச் சிக்காகோப் பல்கலைக்கழகம் அத்தொகுதி முழுவதையும் விலைக்கு வாங்கிற்று. வாங்கியவர் அதனைக் கடல் கடத்தவில்லை. சென்னையிலே வைத்துப் பேணச் செய்தனர். 1996 முதல் அஃது ஆராய்ச்சி நூலகமாகப் பயன்படுகின்றது. முறைப்படி உடன்பட்டால் மூலம் நம் மண்ணில் இருக்கவும் படி உலகுக்குச் செல்லவும் கூடும் என்பதற்கு அது சான்று.

இனிக் கொடுக்கும் முறை பற்றிச் சில சொல்வேன். பழந்தாளை ஒட்டுநாடாவால் ஒட்டற்க. அதன் பசை தாளைக் கறுப்பாக்கும். ஏட்டைக் கழுவவோ எண்ணெய் பூசவோ வேண்டா. அதனை அறிந்தார் செய்வர். தொகுதியைக் கலைத்து, நல்லன என்று தோன்றுவனவற்றை மட்டும் பொறுக்காதீர்கள். ஒரு புலவர் வீட்டில் எந்நூலோடு எந்நூல் இருந்தது என்பதும் ஒரு செய்தியே. யார் வீட்டது, யார் எழுதியது, எக்காலத்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். பெரியவர் உயிரோடு இருக்கும்போதே அதனை அவர் வாயாற் கேட்டு எழுதுங்கள். அனுப்புமுன் நூலகருடன் பேசி, வேண்டுவன இவை, முன்னரே உள்ளன இவை என்று அறிந்துகொள்ளுங்கள். பாடசாலை மாணவர் பழைய பாடநூல் ஐம்பதை அங்கே கொண்டுபோய்க் குவிப்பது கொடையன்று, பாரம்.

கல்லில் நின்ற சட்டம்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலே தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை அது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் மரக்கலங்கள் உடைந்தால் கரைசேர்ந்த பொருளை எவ்வாறு பங்கிடுவது என்பதை அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கலமாயின் நாலில் ஒரு கூறு பண்டாரத்துக்கு, மூன்று கூறு உடையவனுக்கு; பிற சரக்குக் கலமாயின் பாதிக்குப் பாதி. பேராசிரியர் கா. இந்திரபாலா இதனை ஆராய்ந்து 1963 இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டார். கல்லிலே பொறித்தமையால் அக்கட்டளை எண்ணூறு ஆண்டு நின்றது. பல்கலைக்கழக இதழில் ஏறியமையால் ஆராய்வார் யாவர்க்கும் கிடைத்தது.

எங்கள் தீவுகளின் கல்விக் கலமும் ஒருமுறை உடைந்தது. அதில் இருந்தவற்றுள் ஒரு சிறு பகுதி கரைசேர்ந்து, நயினாதீவிலும் புங்குடுதீவிலும் நெடுந்தீவிலும், கொழும்பிலும் தொறொன்ரோவிலும் பாரிசிலும் உள்ள வீடுகளிலே ஒதுங்கிக் கிடக்கின்றது. பழைய கட்டளைப்படி நாலில் ஒரு கூறேனும் பண்டாரத்துக்கு உரியது. எங்களுக்குப் பண்டாரம் திருநெல்வேலியிலே உள்ள பல்கலைக்கழக நூலகம்.

தைப்பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கப் பரணை இறக்கும்போது, அங்குள்ள பழந்தாள்களைக் கிணற்றடிக்குக் கொண்டுபோகுமுன் ஊரிலுள்ள தமிழாசிரியர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். அவர் வந்து பார்ப்பார். வாராதிருந்தால் எனக்கு எழுதுங்கள், யான் வருகின்றேன்.